சோலார் போட்டால் வரி குறையுமா? டெல்டா வீட்டுக்கான கணக்கு

ஜூலை பிறந்து வருமான வரிக் கணக்கு தாக்கல் சூடுபிடித்ததும் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி ஆடிட்டர் அலுவலகங்களில் ஒரு கேள்வி வந்து விழும்: “மாடியில சோலார் போட்டிருக்கோம் சார், அதுல எவ்வளவு கழிச்சுக்கலாம்?” குடியிருக்கும் வீடு என்றால் பதில் ஒரே சொல்தான்: பூஜ்யம். பழைய வரிமுறையோ புதிய வரிமுறையோ, வீட்டு மாடி சோலாருக்கென்று கழிவு கிடையாது. அதற்கு வாங்கிய கடனின் வட்டிக்கும் தனிக் கழிவு இல்லை. வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர் வாடகையில் 30 சதவீதம் பொதுக் கழிவாக எடுத்துக்கொள்கிறார். பராமரிப்புச் செலவெல்லாம் அந்த 30-க்குள்ளேயே அடக்கம் என்பது சட்டத்தின் கணக்கு. சோலார் பில்லைக் காட்டி அதற்குமேல் கேட்க முடியாது.

பிறகு ஏன் இத்தனை பேர் கேட்கிறார்கள்? ஒரு காரணம் அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள். அங்கே சோலார் செலவில் 30 சதவீதத்தை வருமான வரியிலிருந்தே நேரடியாகக் கழித்துக்கொள்ளும் சலுகை இருந்தது. 2025 டிசம்பர் 31-க்குப் பிறகு செய்யும் செலவுக்கு அங்கேயும் அது இல்லை. ஆனால் அதைப் பற்றிய காணொளிகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இன்னொரு காரணம் மின்வாகனக் கடன். 2019 ஏப்ரலுக்கும் 2023 மார்ச்சுக்கும் இடையே அனுமதியான மின்வாகனக் கடனின் வட்டிக்கு ஆண்டுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு. வண்டிக்கு உண்டென்றால் கூரைக்கும் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் இல்லை.

வீட்டுக்காரருக்கு வரும் சலுகை வேறு மூன்று வழிகளில் வருகிறது: மத்திய அரசின் மானியம், ஜி.எஸ்.டி. குறைப்பு, மின்கட்டண ஸ்லாப், அதாவது யூனிட் கூடக்கூட விகிதம் ஏறும் படிகள். மூன்றாவதை யாரும் சலுகை என்று சொல்வதில்லை. ஆனால் பெரிய தொகை அதில்தான் இருக்கிறது. எத்தனை கிலோவாட் போடுவது என்பதை அதுதான் முடிவு செய்ய வேண்டும். நடப்பது நேர்மாறு. மானியத்தின் உச்சவரம்பு 3 கிலோவாட்டில் நிற்கிறது என்பதால் எல்லா வீட்டுக்கும் 3 கிலோவாட் விற்கப்படுகிறது.

ஸ்லாப்பில் இருக்கும் பணம்

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 2016-லிருந்து முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலை உயர்வுக்குப் பிறகு வீட்டுக்காரர் கையிலிருந்து போகும் விகிதம் இப்படி: மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ. 2.35, 201 முதல் 400 வரை ரூ. 4.70, 401 முதல் 500 வரை ரூ. 6.30. 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 மறைந்து, 101-லிருந்தே 4.70 ஆகிவிடும். அதற்குமேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1000 வரை 10.50, அப்புறம் 11.55. 2025 ஜூலையில் வந்த உயர்வில் வீடுகளின் பங்கை அரசே ஏற்றுக்கொண்டது, அதனால் வீட்டுக்காரருக்கு விகிதம் ஏறவில்லை. விகிதம் மாறும்போது கீழே வரும் எண்களும் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

500 யூனிட் ஓடிய வீட்டுக்கு பில் 1,805 ரூபாய். 510 ஓடினால் 2,124. பத்து யூனிட்டுக்கு 319 ரூபாய்! சித்திரை வெயிலில் ஏ.சி. போட்ட வீடுகளில் “போன தடவைக்கு இப்போ கொஞ்சம்தான் கூட, பில் ஏன் இப்படி?” என்று கேட்பதன் காரணம் இதுதான்.

இப்போது சோலாரை உள்ளே கொண்டுவருவோம். டெல்டாவில் ஒரு கிலோவாட் சோலார் ஆண்டு சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். பங்குனி, சித்திரையில் அதைவிடக் கூடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் 3-க்கும் கீழே போகும். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் என்று கொள்வோம். நிகர அளவீட்டில், அதாவது நெட் மீட்டரில், பகலில் லைனுக்குப் போன யூனிட்டும் இரவில் எடுத்த யூனிட்டும் ஒன்றுக்கொன்று கழிந்து, மிச்சத்துக்குத்தான் ஸ்லாப் கணக்கு.

இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் ஓடும் வீட்டை எடுத்துக்கொள்வோம். இப்போதைய பில் 3,825 ரூபாய். 2 கிலோவாட் போட்டால் 480 யூனிட் கழிந்து 220 மிஞ்சும், பில் 329. ஒரு பில்லுக்கு 3,496 ரூபாய் மிச்சம், ஆண்டுக்குச் சுமார் 21,000. அதே வீட்டில் 3 கிலோவாட் போட்டால் பில் பூஜ்யம். ஆனால் அந்த மூன்றாவது கிலோவாட் புதிதாக மிச்சப்படுத்தியது 329 ரூபாய்தான், ஆண்டுக்கு 2,000 கூட வராது. மானியம் 18,000 போக அதற்குக் கையிலிருந்து 35,000 வரை விழுந்தால், போட்ட பணம் திரும்ப 17, 18 ஆண்டு ஆகும். முதல் இரண்டு கிலோவாட்டுக்கு மானியம் போகக் கைச்செலவு 70,000 என்றால் மூன்றரை ஆண்டில் எடுத்துவிடலாம். ஒரே கூரை, ஒரே வெயில். கடைசி இரண்டு பேனலின் பலன் முதல் பேனல்களின் பலனில் கால்வாசிகூட இல்லை.

இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் வீட்டுக்கு இன்றைய பில் 1,175 ரூபாய். 1 கிலோவாட் போதும், பில் 141-க்கு வந்துவிடும். 200 யூனிட் வீட்டுக்கு பில்லே 235 ரூபாய். அங்கே சோலார் போட்டால் ஆண்டுக்கு 1,410 ரூபாய் மிச்சம் என்பதால் 30,000 மானியம் கொடுத்தாலும் கணக்கு ஒத்துவராது. இலவச 100 யூனிட்டும் மலிவான 2.35-ம் இருக்கும்வரை சிறிய வீட்டுக்கு சோலார் லாபமில்லை. விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். இந்தக் கணக்கு யூனிட்டின் விலையை மட்டும் பார்த்தது. பில்லில் வேறு கட்டணங்கள் இருந்தால் மிச்சத்தில் கழித்துக்கொள்ள வேண்டும்.

ஒரே பில்லை வைத்து முடிவெடுக்கக் கூடாது. கடந்த ஒரு வருடத்தின் ஆறு பில்லையும் எடுத்து வரிசையாக யூனிட்டை எழுதிப் பாருங்கள். டெல்டாவில் ஒரு வசதி: சோலார் குறையும் மழைக்காலத்தில் மின்விசிறியும் ஏ.சி.யும் ஓய்ந்திருக்கும். ஒரு பில்லில் மிஞ்சிய யூனிட் அடுத்த பில்லுக்கு நகரும். ஆனால் மிஞ்சிய யூனிட்டை வாரியத்துக்கு விற்றுச் சம்பாதிக்கலாம் என்ற கணக்கில் பெரிதாகப் போடாதீர்கள். மின்ஸ்கூட்டரோ இரண்டாவது ஏ.சி.யோ நிச்சயம் வரப்போகிறது என்றால் மட்டும் ஒரு கிலோவாட் கூட்டிக்கொள்ளலாம்.

வரி என்று கேட்டால் இங்கேதான் பதில் இருக்கிறது. மின்கட்டணத்தில் மிச்சமான பணம் வருமானம் ஆகாது, அதற்கு வரியும் கிடையாது. 30 சதவீத வரிப் படியில் இருப்பவர் செஸ்ஸோடு 31.2 சதவீதம் கட்டுகிறார். அவருக்குக் கையில் 20,000 நிற்க வேண்டுமென்றால் வங்கி வைப்பிலிருந்து 29,000 ரூபாய் வட்டி வர வேண்டும். சோலாரில் அந்த 20,000 அப்படியே நிற்கிறது.

மானியம்: தொகையும் தடுக்கும் இடங்களும்

பிரதமர் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய், இலக்கு ஒரு கோடி வீடுகள், 2026-27 நிதியாண்டு வரை. முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000, மூன்றாவதுக்கு 18,000, உச்சம் 78,000. 5 கிலோவாட் போட்டாலும் அதே 78,000தான். முதல் இரண்டுக்கு அடிப்படை விலை 50,000 என்று வைத்து அதில் 60 சதவீதமும், மூன்றாவதுக்கு 45,000 என்று வைத்து 40 சதவீதமும் தருகிறார்கள். மூன்றாவதின் பலன் குறைவு என்பது திட்டத்தை வகுத்தவர்களுக்கும் தெரிந்திருக்கிறது போலும்.

பேனலின் மொத்தத் திறன், இன்வெர்ட்டரின் திறன், இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் மானியம். 540 வாட் பேனல் ஆறு போட்டால் 3.24 கிலோவாட். இன்வெர்ட்டர் 3 என்றால் மானியம் 3-க்கு. அதே இன்வெர்ட்டரோடு ஐந்து பேனல் போட்டால் 2.7 கிலோவாட், மானியம் 72,600. விலைப்பட்டியலில் “3 கிலோவாட் சிஸ்டம்” என்று மட்டும் போட்டிருந்தால் பேனல் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை வாட் என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

பேனல் இந்தியாவில் செய்த செல்லைக் கொண்டு இந்தியாவிலேயே பொருத்தியதாக இருக்க வேண்டும். கடையில் இதை டி.சி.ஆர். பேனல் என்பார்கள். இது விலை கூடுதல். டி.சி.ஆர். இல்லாத பேனலை விலை குறைவென்று மாட்டிவிட்டுப் பிறகு மானியம் கேட்டால் கிடைக்காது. ஒவ்வொரு பேனலின் வரிசை எண்ணும் திட்டத்தின் தேசிய இணையதளத்தில் ஏற்றப்படுகிறது. கூரைக்கு ஏற்றும் முன் பின்பக்க ஸ்டிக்கரைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பொருத்திய பிறகு எடுக்க முடியாது.

டெல்டாவில் விண்ணப்பம் அதிகம் இடிக்கும் இடம் பெயர். மின் இணைப்பு தாத்தா பெயரில், வங்கிக் கணக்கு பேரன் பெயரில், வீடு பாகம் பிரிக்காமல் நான்கு பங்காளிகளுக்கு. தேசியத் தளத்தில் பதிவு செய்வது மின் இணைப்பு எண்ணை வைத்துத்தான். மானியம் போகும் கணக்கின் பெயரும் இணைப்பின் பெயரும் ஒத்துப்போக வேண்டும். ஆகவே முதல் வேலை இ.பி. ஆபீசில் பெயர் மாற்றம், சோலார் கடைக்குப் போவது அதற்குப் பிறகு. “எஸ். ராமமூர்த்தி”, “ராமமூர்த்தி எஸ்” என்ற வேறுபாடுகூட நிறுத்திவைக்கப் போதும். கோயில், மடத்து மனையில் அடிமனை வாடகை கட்டிக்கொண்டு குடியிருக்கும் வீடுகள் இங்கே நிறைய. அங்கே இணைப்பு தன் பெயரில் இருக்கிறதா என்பதோடு, கூரையில் நிரந்தரமாக எதையும் பொருத்த மனை உரிமையாளர் ஆட்சேபிக்க வாய்ப்புண்டா என்பதையும் முன்னதாகப் பார்த்துக்கொள்வது நல்லது.

நடைமுறை இப்படி: தளத்தில் பதிவு, விண்ணப்பம், அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து ஒப்பந்தம், பொருத்துதல், நெட் மீட்டர், ஆய்வு, இயக்கச் சான்றிதழ், கடைசியாக வங்கி விவரம். 2024-ல் திருத்திய மத்திய விதிகளின்படி 10 கிலோவாட் வரை தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை. மானியம் வீட்டுக்காரர் கணக்குக்கே வரும், நிறுவனத்துக்குப் போகாது. “மானியத்தைக் கழிச்சுக்கிட்டு மீதியைக் குடுங்க, மானியம் வந்ததும் எங்களுக்கு அனுப்பிடுங்க” என்ற பேச்சு வந்தால் அதை எழுத்தில் வாங்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். மானியம் நிராகரிக்கப்பட்டால் அந்தத் தொகை யார் தலையில் விழும் என்பதுதான் அங்கே கேள்வி. ஐந்தாண்டுப் பராமரிப்பு நிறுவனத்தின் பொறுப்பு. அது திட்டத்தின் நிபந்தனை, அவர்கள் தரும் சலுகை இல்லை.

3 கிலோவாட் வரை பிணையில்லாக் கடன் உண்டு. 2024-ல் அறிவித்தபோது வட்டி சுமார் 7 சதவீதம். நகைக்கடனைவிட மலிவு என்பதே போதுமான காரணம்.

ஜி.எஸ்.டி.

சோலார் கருவிகளுக்கு 2021 அக்டோபர் 1 முதல் 12 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆனது. ஆனால் வீட்டில் பொருத்தித் தரும் முழு வேலைக்கு வரி 5 சதவீதம் ஆகிவிடாது. மொத்தத்தில் 70 சதவீதம் பொருள், 30 சதவீதம் சேவை என்று பிரித்து, பொருளுக்கு 5, சேவைக்கு 18. கூட்டிப் பார்த்தால் 8.9 சதவீதம். முன்பு 13.8. 1,80,000 ரூபாய் வேலையில் வரி 24,840-லிருந்து 16,020-க்கு இறங்கியிருக்கிறது. விலைப்பட்டியலில் பொருளுக்கும் சேவைக்கும் வரியைத் தனித்தனியாகப் பிரித்துக் கேளுங்கள். மொத்தத்துக்கும் 18 போட்டிருந்தாலும் பழைய 12 கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அங்கேயே தெரிந்துவிடும். மானியம் பிறகு தனியாக வருவதால் வரி முழு விலைக்குத்தான்.

வரிக் கழிவு உண்மையிலேயே இருக்கும் இடம்

அரிசி ஆலை, ஐஸ் பிளான்ட், இறால் பண்ணை, பாத்திரப் பட்டறை, லாட்ஜ். தொழிலுக்குப் போடும் சோலாருக்கு மானியம் இல்லை, தேய்மானம் உண்டு, அதாவது கருவியின் விலையை ஆண்டுதோறும் பகுதி பகுதியாக லாபத்திலிருந்து கழிக்கலாம். விகிதம் ஆண்டுக்கு 40 சதவீதம். 2017-க்கு முன் 80 ஆக இருந்தது. 10 லட்சம் ரூபாய்க்குப் போட்டால் முதல் ஆண்டு 4 லட்சம், மீதி 6 லட்சத்தில் அடுத்த ஆண்டு 2.4 லட்சம், அதற்கடுத்து 1.44 லட்சம் லாபத்திலிருந்து கழியும். 31.2 சதவீதம் வரி கட்டுபவருக்கு முதல் ஆண்டில் மட்டும் 1,24,800 ரூபாய் வரி குறையும்.

ஒரு தேதி இருக்கிறது. நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் பாதி விகிதம்தான், 40-க்குப் பதில் 20. மார்ச் 31-லிருந்து பின்னால் எண்ணினால் அக்டோபர் 3-க்குள் ஓட ஆரம்பித்திருக்க வேண்டும். பேனலை இறக்கிய தேதி செல்லாது, இயக்கச் சான்றிதழில் உள்ள தேதிதான் பேசும். குறுவை அறுவடை ஓய்ந்ததும் பார்க்கலாம் என்று ஐப்பசிக்குத் தள்ளினால் மழையும் பிடிக்கும், பாதித் தேய்மானமும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். ஆடியில் ஆர்டர் கொடுத்து ஆவணிக்குள் மீட்டர் மாட்டிவிடுவது உத்தமம். ஆடித் தள்ளுபடி துணிக்கு மட்டும்தானா என்ன.

விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று அனுமான முறையில் கணக்குக் கொடுக்கும் சிறு வியாபாரிக்குத் தேய்மானம் அதற்குள்ளேயே அடங்கிவிட்டதாகக் கருதப்படும், தனியாக எதுவும் குறையாது. அரிசி ஆலைக்கு இன்னொரு முடிச்சு. 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டைக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதால்தான் 26 கிலோ மூட்டை சந்தைக்கு வந்தது. வரியில்லாத சரக்கை விற்பவர் சோலாரில் கட்டிய ஜி.எஸ்.டி.யைத் திரும்ப எடுக்க முடியாது. அந்த வரியையும் விலையோடு சேர்த்துத் தேய்மானத்தில் காட்டலாம். உள்ளீட்டு வரியாக எடுப்பவர் அப்படிக் காட்டக் கூடாது.

முன்னால் கடை, பின்னால் வீடு என்ற கட்டடங்களில் வீட்டு இணைப்புக்கு மானியத்தில் சோலார் போட்டு, ஒயரைக் கடைக்கு இழுக்கும் யோசனை அவ்வப்போது வரும். அது அனுமதிக்கப்படாத பயன்பாடு. 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் இருமடங்கு கட்டணம்.

கூரையில் கரையும் பணம்

காகிதத்தில் வந்த மிச்சம் மாடியில் போகாமல் இருக்க வேண்டும். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் உப்புக்காற்று சாதாரண முலாம் பூசிய இரும்பை மூன்று நான்கு ஆண்டில் தின்றுவிடும். அலுமினியம் அல்லது உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த சட்டம், துருப்பிடிக்காத போல்ட் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்ததை மறக்காதவர்கள், மணிக்கு 150 கிலோமீட்டர் காற்றைத் தாங்கும் சட்டமா என்று கேட்பார்கள். கீழே வடாம் காயவைக்க இடம் வேண்டுமென்று எட்டடி உயரத்தில் தூக்கிக் கட்டினால் காற்று பிடிக்கும் பரப்பும் கூடுகிறது. உயரத்துக்கு மானியமும் இல்லை.

கும்பகோணம், மயிலாடுதுறைப் பழைய வீடுகளின் மெட்ராஸ் தளத்தில் துளை போடக் கூடாது. செங்கலும் சுண்ணாம்பும் ஆங்கர் போல்ட்டைப் பிடிக்காது, தேக்கு உத்தரம் வரை தண்ணீர் இறங்கும். கான்கிரீட் கட்டைகளைப் பாரமாக வைத்து நிறுத்தலாம், ஆனால் அந்தப் பாரத்தைத் தளம் தாங்குமா என்று பொறியாளர் ஒருவர் பார்க்க வேண்டும். சாதாரணக் கான்கிரீட் மாடியிலும் துளை போட்ட இடத்தில் தளம் ஒழுகாமல் அடைப்பது யார் வேலை என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

பட்டுக்கோட்டை, பேராவூரணியில் தென்னை நிழல். ஒரு மட்டையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் அதோடு தொடராகக் கோத்த மற்ற பேனல்களின் உற்பத்தியையும் இழுத்துவிடும். காலை 9 முதல் மாலை 4 வரை நிழல் எங்கே நகர்கிறது என்று மார்கழியில் ஒருமுறை பாருங்கள், அப்போதுதான் நிழல் நீளம். ஆலைக்கு அருகிலுள்ள வீடுகளில் உமிச்சாம்பல் படியும். அதை உப்புத்தன்மையுள்ள போர் தண்ணீரால் கழுவினால் வெள்ளைத் திட்டு காய்ந்து நிற்கும். மழைநீரோ குடிநீரோ கொண்டு, வெயில் ஏறுமுன் மென்மையான துணியால் துடைத்தால் போதும்.

கரண்ட் போனால் சாதாரண நெட் மீட்டர் சோலாரும் நின்றுவிடும், நல்ல வெயில் அடித்தாலும். லைனில் வேலை செய்யும் ஊழியருக்கு மின்சாரம் பாயாமல் இருக்க இன்வெர்ட்டர் தானாக அணையும். புயலுக்குப் பின் வாரக்கணக்கில் லைன் இல்லாத ஊர்களில் இது உதவாது. வேண்டுமானால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர்தான். பேட்டரிக்கு மானியம் கிடையாது.

மீட்டர் மாற்றிய பிறகு வரும் முதல் பில்லை உடனே பாருங்கள். எடுத்த யூனிட், கொடுத்த யூனிட் இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். கொடுத்த யூனிட் பூஜ்யம் என்றிருந்து, இன்வெர்ட்டர் திரையில் உற்பத்தி காட்டினால், மீட்டர் பழைய முறையிலேயே பதிவாகியிருக்கிறது அல்லது பில் எடுப்பவரின் கருவியில் சோலார் இணைப்பாக மாற்றப்படவில்லை. சில மீட்டர்கள் வெளியே போகும் யூனிட்டையும் எடுத்ததாகவே கூட்டிவிடும், பில் பழையதைவிட ஏறும். இன்வெர்ட்டர் திரை, மீட்டர் திரை இரண்டையும் ஒரே நாளில் படம் எடுத்து, இயக்கச் சான்றிதழ் நகலோடு அடுத்த பில் வருமுன் பிரிவு அலுவலகத்தில் எழுத்துமூலம் கொடுங்கள்.